நல்லா இழுக்குது என்று நான் சொன்னேன்

பிள்ளை,

உன் கைக்கட்டை அவிழ்த்த பிறகும் எனக்கு நடுக்கம் விட்டபாடில்லை. இன்று காலை குசினிக் குழாயைத் திறந்தேன். தண்ணீருக்கு முன்னால் காற்று வந்து 'டப்' என்று ஒரு சத்தம். கையில் இருந்த கோப்பை நிலத்தில் விழுந்து உடைந்தது. நீ அறைக்குள் இருந்து எட்டிப் பார்த்து, "என்னம்மா விழுந்தது?" என்றாய். "சவர்க்காரக் கை, வழுக்கிப்போட்டுது" என்றேன். வழுக்கவில்லை. நான்தான் விட்டேன். குழாய்ச் சத்தத்துக்குப் பயந்து கோப்பையை விடுகிற ஆளாகிவிட்டேன் என்று உன்னிடம் சொல்ல வெட்கமாக இருந்தது.

இதையெல்லாம் நேரில் சொல்லலாம்தான். ஒரே வீடு, ஒரே பஸ், ஒரே தொழிற்சாலை. ஆனால் நான் வாயைத் திறந்தால் நீ, "பிறகு கதைப்பம் அம்மா" என்று துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விடுகிறாய். நீர்கொழும்பில் இருந்து வந்த வேலைக்குப் போகவில்லை என்று எங்களிடம் சொல்லிவிட்டாய். அவர்களிடம் இன்னும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும். அதற்குள் நீ இதை வாசிக்க வேண்டும் என்றுதான் அவசரமாக எழுதுகிறேன். மற்றவர்களும் வாசிக்கட்டும். நம் இருவருக்கும் நடந்தது ஒரு சொல்லால் நடந்தது. அந்தச் சொல்லை எங்கள் திருகோணமலையில், சல்லியில் இருந்து கந்தளாய் வரை எல்லோரும் நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம். அதனால் வீட்டுக்குள் ஒளித்து வைக்கிற கதை இல்லை இது.

தெரியாதவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் துறைமுகத்தடியில் ஒரு மீன் தொழிற்சாலையில், பொதி கட்டும் மண்டபத்துக்குப் பொறுப்பு. மீன் துண்டைப் பையில் போட்டு, இயந்திரத்துக்குள் வைத்து, மூடியை அமத்தினால், உள்ளே உள்ள காற்று முழுவதும் உறிஞ்சப்பட்டுப் பை மீனோடு ஒட்டிக்கொள்ளும். அந்தக் காற்றை உறிஞ்சுகிற பம்புகள் சுவருக்கு அந்தப் பக்கம், தனி அறையில். அந்த அறைக்குப் பொறுப்பு என் மகள். தாய் ஒரு பக்கம், மகள் மறுபக்கம், நடுவில் ஒரு சுவரும் ஒரு போனும். நான் அதைப் பெருமையாக ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தவள்.

இழுக்குது. இதுதான் அந்தச் சொல். உனக்கு அது கிணற்றடியில் வந்த சொல். கிணற்றுக்கு மோட்டர் போட்ட புதிதில், நான் குசினிக்குள் நின்று "இழுக்குதோ?" என்று கேட்பேன். நீ குனிந்து குழாயில் காதை வைத்துவிட்டு, "இழுக்குதம்மா" என்பாய். தண்ணீர் ஏறுகிறது என்று அர்த்தம். நான் தாங்கியை எட்டிப் பார்க்கவே மாட்டேன், நிம்மதியாக அரிசி கழுவப் போவேன். ஒருநாள் மோட்டர் ஓடியது, தண்ணீர் வரவில்லை. மோட்டர் எரிந்துபோயிற்று, புதிது வாங்குவோம் என்று அப்பா சைக்கிளை எடுத்துவிட்டார். நீ பள்ளிக்கூடச் சட்டையோடு படலையில் மறித்து நின்றாய். "மோட்டர்ல பிழையில்லை அப்பா. அது தண்ணிக்குப் பதிலாக் காத்தை இழுக்குது" என்றாய். சவர்க்காரத்தைக் கரைத்துக் குழாய் முழுக்கத் தடவினாய். ஓரிடத்தில் நுரை உள்ளே போனது. அங்கே மயிர் அளவுக்கு ஒரு வெடிப்பு. அப்பா சைக்கிளை மதிலில் சாத்திவிட்டு வலை திருத்தப் போனார். அன்று பின்னேரம் கடற்கரையில் அவர் உன்னைப் பற்றிச் சொன்னதைக் கேட்டவர்கள், நீ மோட்டரையே கண்டுபிடித்தவள் என்று நினைத்திருப்பார்கள்.

அதற்குப் பிறகு நீ படித்துவிட்டு வந்து இந்தத் தொழிற்சாலையிலேயே வேலைக்குச் சேர்ந்ததும், நம் வீட்டுச் சாப்பாட்டில் உப்புக் குறைந்தாலும் பம்ப் கதை குறையவில்லை. மற்ற வீடுகளில் யாருக்கு என்ன சம்பந்தம் பேசுகிறார்கள் என்று கதை போகும். நம் வீட்டில் ஒயில் மாற்றிய கதை. "இந்தப் பம்புக்கு நாங்கள் மாப்பிள்ளை பாக்கவேணுமோ?" என்று அப்பா கேட்பார். நீ விடமாட்டாய். மீன் முள்ளை எடுத்துக்கொண்டே சொல்லுவாய். "பம்ப் சுகமோ எண்டு பம்பைப் பாக்காதீங்கோ அம்மா, பையைப் பாருங்கோ. பை மீனோட ஒட்டாமல் தொளதொளவெண்டு இருந்தா அங்கதான் சங்கதி தொடங்குது." ஒயில் வெறுந்தேத்தண்ணி மாதிரித் தெளிவாக இருக்க வேண்டும். அது பால் தேத்தண்ணி மாதிரி மாறினால், ஈர மீனின் ஆவி உள்ளே போய்த் தண்ணீராகிவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பம்பைக் குறை சொல்லக்கூடாது. ஒயிலை மாற்றி, வேலை தொடங்க முன்னம் கொஞ்ச நேரம் சும்மா ஓடவிட்டுச் சூடாக்கினால் போதும். ஒயில் கறுத்துக் கருகல் மணம் வந்தால் அது வேறு கதை. தட்டுகிற சத்தம் வந்தால், உள்ளே சுழல்கிற தகடுகள் தேய்ந்துவிட்டன. வெளியே மூச்சு விடுகிற பக்கத்தில் ஒயில் புகை கக்கினால், அந்தப் பக்கத்துப் பில்டர் அடைத்துவிட்டது. எனக்குப் பாடமாகிவிட்டது, பார்த்தாயா?

இன்னொன்றும் சொன்னாய். எல்லோரும் முதலில் பம்பைத்தான் பேசுவார்கள். ஆனால் முதலில் செய்ய வேண்டியது பம்பின் வாயை மூடிப் பார்ப்பது. குழாய்களைக் கழற்றி, வாயை அடைத்து, அமுக்கம் காட்டுகிற முள் எவ்வளவுக்கு இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். ஒழுங்காக இறங்கினால் பம்பில் பிழையில்லை. குழாயிலோ, மூடியைச் சுற்றி இருக்கிற இறப்பரிலோ எங்கேயோ காற்றுப் போகிறது. வாயை மூடியும் முள் இறங்கவில்லை என்றால்தான் பம்பைக் கழற்ற வேண்டும். "பாவம் அம்மா, ஆரோ விட்ட காத்துக்குப் பம்ப் அடி வாங்கும்" என்று நீ சொன்னபோது அப்பாவுக்குச் சோறு புரையேறியது.

சரி, அந்த நாளுக்கு வருகிறேன். வரத்தான் வேண்டும்.

மண்டபத்துப் பெண்கள் மூன்று பம்புகளுக்கும் பேர் வைத்திருந்தோம். மூத்தவள், நடுவிலாள், கடைக்குட்டி. மூத்தவள் அந்த மாதம் முழுக்கப் படுத்தினாள். நீ ஒயில் மாற்றினாய், தகடு மாற்றினாய், திரும்பவும் ஒயில் மாற்றினாய். அன்று காலையும் மாற்றிவிட்டு ஓடவிட்டாய். எங்களுக்கோ பெரிய சூரை மீன் வந்து குவிந்திருந்தது. நாங்கள் மூடியை அமத்திவிட்டு நிற்கிறோம், நிற்கிறோம், உள்ளே காற்றுப் போய் முடியாமல் அது திறக்கிறதாக இல்லை. பக்கத்தில் நின்ற யோகம், "அக்கா, இண்டைக்கு நல்லா இழுக்குது" என்றாள். யோகம் என்னோடு அந்த மண்டபத்தில் நெடுங்காலமாக நிற்கிறவள், உனக்கு அன்ரி முறை. அவள் சொன்னது மண்டபத்துப் பேச்சு. கூட்டம் இழுக்குது, பஸ் இழுக்குது, கலியாணப் பேச்சு இழுக்குது என்கிற மாதிரி. நேரம் எடுக்கிறது, முடிகிறதாக இல்லை என்று அர்த்தம். அப்போதுதான் போன் அடித்தது.

"அம்மா, மூத்தவள் இழுக்குதோ?"

"ஓம் பிள்ளை, இழுக்குது."

"நல்லா இழுக்குதோ?"

"நல்லா இழுக்குது."

"அப்ப சரி" என்று வைத்துவிட்டாய்.

நான் எடுத்த அர்த்தம், நீ இப்போது அதை நிறுத்தப் போகிறாய் என்பது. நீ எடுத்த அர்த்தம், அதை நிறுத்தத் தேவையில்லை என்பது. நீ கிணற்றடியில் நின்று கேட்டாய், நான் மண்டபத்தில் நின்று சொன்னேன். இப்போது நினைத்தாலும் என் காது சுடுகிறது. ஒரு பிழையான சொல்லையாவது சொல்லியிருந்தேனா என்றால் அதுவும் இல்லை. கேட்ட கேள்விக்குச் சரியான பதிலைச் சொல்லி என் பிள்ளையை நெருப்புக்குள் விட்டிருக்கிறேன்.

பிறகு அந்தச் சத்தம். எங்கள் வயதுக்காரர் அத்தனை பேரும் நிலத்தில் படுத்துவிட்டோம். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. உடம்பு தானாகப் படுத்தது. என் கன்னம் மீன் கழுவின தண்ணீருக்குள், யோகத்தின் கை என் தலையில். யுத்தம் முடிந்து எத்தனையோ காலம் ஆகியும் உடம்புக்கு மட்டும் அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை என்று அன்றுதான் தெரிந்தது. இளம் பிள்ளைகள் கத்தியும் கையுமாக நின்று, இந்தக் கிழவிகளுக்கு என்ன நடந்தது என்று எங்களைப் பார்த்தார்கள். பிறகுதான் கருகின ஒயில் மணம் வந்தது. அந்த மணம் எனக்குத் தெரியும். நீ வேலை முடிந்து வரும்போது உன் சட்டையில் இலேசாக வரும் மணம். அது மண்டபம் முழுக்க வந்தது.

நான் எப்படி எழும்பினேன், எந்தக் கதவால் போனேன், தெரியாது. நீ பம்ப் அறை வாசலில் நிலத்தில் இருந்தாய். உன் இடக்கையை உடம்பில் இருந்து தள்ளி, உன்னுடைய கை இல்லை என்பது போல நீட்டிப் பிடித்திருந்தாய். உள்ளே யாரோ நெருப்புக்குத் தூள் அடித்துக்கொண்டிருந்தார்கள். மூத்தவளின் மூச்சுப் பக்கம் அடைத்து, அமுக்கம் ஏறி, மூடியோடு பிய்த்துக்கொண்டு கொதிக்கிற ஒயிலைக் கக்கியிருக்கிறது. கீழே விழுந்த குறடு ஒன்றை எடுக்க நீ அந்த நேரம் குனிந்திருக்காவிட்டால் முகத்தில் பட்டிருக்கும். என்னைக் கண்டதும் நீ சொன்ன முதல் சொல், "மூத்தவளை நிப்பாட்டிட்டன் அம்மா." அழவில்லை, கத்தவில்லை. வேலை முடிந்துவிட்டது என்று சொல்வது போலச் சொன்னாய். நானும் "சரி பிள்ளை" என்றேன்.

ஆஸ்பத்திரியில், அடுத்த நாள், நீ கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாய். "நல்லா இழுக்குது எண்டுதானே சொன்னீங்கள்?"

"ஓம். அதுதானே நீ நிப்பாட்டுவாய் எண்டு நினைச்சன்."

"நல்லா இழுத்தா ஏன் நிப்பாட்டுறன்?"

"இழுத்தா நிப்பாட்டத்தானே வேணும். அது திறக்கவேயில்லையே."

நீ தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாய். நான் உன்னைப் பார்த்தேன். இருவருக்கும் ஒரே நேரத்தில் விளங்கிவிட்டது. உனக்குச் சிரிப்பு வந்தது. வாயைக் கோணிக்கொண்டு, "சிரிக்கப் பண்ணாதீங்கோ அம்மா, காயம் இழுக்குது" என்றாய். சொன்ன உடனே நீயே திடுக்கிட்டு வாயை மூடிக்கொண்டாய். பக்கத்துக் கட்டில் மனிசி நமக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்திருப்பா. அன்று முழுக்க நாம் இருவரும் எதைப் பேசினாலும் அந்தச் சொல் வந்துவிடுமோ என்று பயந்து பயந்து பேசினோம்.

அதைவிடப் பெரிய அதிர்ச்சி நீ வேலைக்குத் திரும்பிய அன்று. "அந்தப் பம்பை ஏன் முன்னமே மாத்தேல்லை?" என்று மனேஜர் எல்லோர் முன்னாலும் கேட்டார். நீ இரண்டு முறை போய்ச் சொன்னபோது "ஓடுதுதானே, ஓடட்டும்" என்ற அதே மனேஜர். நீ சொல்லுவாய் என்று நான் காத்துக்கொண்டு நின்றேன். நீ தலையைக் குனிந்து, "என்ர பிழை சேர்" என்றாய். என் மகளின் வாயில் இருந்து அது வந்ததை என்னால் நம்ப முடியவில்லை. எனக்குக் கோபம் வந்தது. அன்று பஸ்ஸில் நான் உன்னோடு பேசாமல் வந்ததற்குக் காரணம் அதுதான். வீட்டுக்கு வந்ததும், "நீர்கொழும்புக்குப் போகேல்லை அம்மா, எனக்கு அந்த வேலை சரிவராது" என்றாய். நான் இரண்டையும் கூட்டிக் கணக்குப் போட்டேன். பிள்ளை பயந்துவிட்டாள், தன்னில் நம்பிக்கை விட்டுவிட்டாள் என்று.

அதனால் அதற்கு ஒரு பதில் எழுதுகிறேன். உன் பிழை என்று ஒன்று இருக்கிறதுதான், இல்லை என்று தாலாட்ட மாட்டேன். நீயே எனக்குச் சொல்லியிருக்கிறாய், ஒருமுறை திருத்தியதற்கும் அடுத்தமுறை திருத்துவதற்கும் இடையில் உள்ள காலம் சுருங்கிக்கொண்டே வந்தால், "அது திருத்திறதில்லை அம்மா, கெஞ்சிறது" என்று. பம்பின் உள்சுவரில் கீறல் விழுந்துவிட்டால், எத்தனை புதுத் தகடு போட்டாலும் அந்தக் கீறல் தின்றுவிடும் என்று. இது தெரிந்திருந்தும் நீ மூத்தவளிடம் ஒரு மாதம் கெஞ்சினாய். அது உன் பங்கு. ஓடட்டும் என்றது அவருடைய பங்கு. நல்லா இழுக்குது என்றது என்னுடைய பங்கு. மூன்றையும் தூக்கி நீ ஒருத்தி தலையில் வைத்துக்கொண்டு நடப்பதற்கு நான் உன்னைப் பெறவில்லை.

அப்பாவின் பழைய படகு எஞ்சின் நினைவிருக்கிறதா? அதை விற்ற அன்று அவர் கிணற்றடியில் போய் நின்று அழுதார். உனக்குத் தெரியாது. எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. எல்லோரும் ஏன் விற்கிறாய் என்று கேட்டார்கள். அவர் சொன்னார்: "கரையில நிண்டு கேட்டா நல்ல எஞ்சின்தான். வாடைக் காத்துக்க நடுக்கடல்ல நிண்டோ கேக்கிறியள்?" அவர் பார்த்தது எஞ்சின் ஓடுகிறதா என்று அல்ல. நிற்கக்கூடாத இடத்தில் நின்றால் என்ன ஆகும் என்று. உன் பம்புக்கும் அதுதான் கேள்வி. நின்றால் மீன் மட்டும் பழுதாகுமென்றால் இன்னும் ஒருமுறை திருத்திப் பார். பக்கத்தில் ஒரு பிள்ளை குனிந்து நிற்கும் இடமென்றால் கெஞ்சாதே, கழற்றி எறி. யார் என்ன சொன்னாலும் நிறுத்திவிட்டுப் பிறகு பேசு.

இவ்வளவை மட்டும் எழுதி, கடிதத்தை உன் தலையணைக்குக் கீழே வைத்துவிடலாம் என்றுதான் போன கிழமை நினைத்திருந்தேன். அதற்குள் யோகம் என்னைப் போட்டு உடைத்துவிட்டாள். நீ அன்று கிளினிக்குக்குக் கை காட்டப் போயிருந்தாய். நானும் அவளும் பஸ்ஸுக்கு நின்றோம். "பிள்ளை பயந்துபோனாள் யோகம், நீ ஒருக்கா சொல்லிப் பாரன்" என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "அவள் பயத்திலயோ நிக்கிறாள்? உங்களுக்கு விளங்கேல்லையோ அக்கா?"

"என்ன விளங்கேல்லை?"

"அம்மாவுக்கு இழுக்குது அன்ரி, இரவில கேக்குது, விட்டிட்டு என்னெண்டு போறது எண்டு என்னட்டச் சொன்னவள்."

நிலாவெளி பஸ் வந்தது, நின்றது, போனது. யோகம் ஏறிவிட்டாள். நான் ஏறவில்லை. அந்தச் சொல் என் மூச்சுக்குள்ளும் வந்து நிற்கும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் நின்று நீ பம்புகளை மட்டும்தான் கேட்கிறாய் என்று நினைத்தேன். வீட்டில் இருக்கிறதும் ஒரு சுவர்தான். நான் இருமி, எழும்பி இருந்து, தலையணையை நெஞ்சில் அணைத்துக்கொண்டு மூச்சு வாங்கிய ஒவ்வொரு இரவும் நீ அந்தப் பக்கம் முழித்துக்கொண்டு கிடந்திருக்கிறாய். காலையில், "அம்மா, இரவு இருமினீங்களோ?" என்று கேட்பாய். "சளி" என்பேன். அதற்கும் நீ "அப்ப சரி" என்றுதான் சொல்லியிருக்கிறாய். ஆனால் நீ நம்பவில்லை. மனேஜர் முன்னால் "என்ர பிழை" என்று சொன்னாயே, அதுகூடக் கதையை வளர்க்காமல் இங்கேயே இருந்துவிடத்தான் என்று அந்த பஸ் தரிப்பிடத்தில்தான் எனக்கு உறைத்தது. என் நெஞ்சுக்காக நீ உன் பேரைக் கெடுத்துக்கொண்டாய். இதைக் கேட்டு ஒரு தாய் என்ன செய்ய வேண்டும், அழுவதா, அடிப்பதா?

இரண்டும் செய்யவில்லை. அடுத்த நாள், அரசாங்கக் கச்சேரியில் ஒரு வேலை என்று உனக்கும் அப்பாவுக்கும் பொய் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். டொக்டர் உன் வயதுப் பிள்ளை. "என்ன செய்யுது அம்மா?" என்றா. "கொஞ்சம் இழுக்குது" என்று தொடங்கினேன். தொடங்கின வாயை அப்படியே மூடிக்கொண்டேன். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னேன். இரவில் படுக்க ஏலாது, எழும்பி இருந்தால்தான் மூச்சு வரும். மண்டபம் கழுவும் மருந்து மணத்தில் நின்றால் நெஞ்சு இறுகும். வெள்ளிக்கிழமைகளில் கோணேசர் கோயிலுக்கு ஏறும்போது முன்னெல்லாம் எங்கும் நிற்க மாட்டேன், இப்போது மான்கள் நிற்கிற இடத்துக்கு வரவே ஒருமுறை நிற்கிறேன், அதற்கு மேலே பல முறை. இதுவரை நான் யாருக்கும் இப்படிச் சொன்னதில்லை. சொல்லும்போது எனக்கே பயமாக இருந்தது, இவ்வளவையும் வைத்துக்கொண்டா திரிந்தேன் என்று.

முதலில் வயர்களைப் பூட்டி இருதயத்தைப் பார்த்தார்கள். பிறகு ஒரு குழாயைத் தந்து, ஏலுமான மட்டும் ஊதச் சொன்னார்கள். ஊதினேன். கண்ணுக்குள் பூச்சி பறந்தது. "இருதயத்தில ஒரு பிழையும் இல்லை. மூச்சுக் குழாய்தான் சுருங்கியிருக்கு" என்றா டொக்டர். "அப்ப பம்பில பிழையில்லை, குழாயிலதான் பிழை எண்டு சொல்லுறீங்கள்" என்றேன். அவ நிமிர்ந்து பார்த்துச் சிரித்துவிட்டு, "ஓம், அப்பிடித்தான்" என்றா. திருத்தலாமா, அல்லது கெஞ்சுகிற கட்டமா என்று கேட்டேன். அவவுக்கு விளங்கவில்லை. விளங்கப்படுத்தினேன். "திருத்தலாம், ஆனா மருந்தை விடக்கூடாது, அந்தக் கழுவிற மணத்துக்க நிக்கவும் கூடாது" என்றா. கடைசியில் ஒரு சின்னப் பெட்டியை நீட்டி, "இந்தப் பம்பைக் காலமையும் பின்னேரமும் அடியுங்கோ" என்றா. எந்தப் பம்பையா? நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். பிறகு பார்த்தால், வாயில் வைத்து அமத்துகிற அந்தச் சின்ன மருந்து. அதற்கும் இங்கே பம்ப் என்றுதான் பேர் என்று எனக்கும் தெரியும்தான். அந்த நேரத்தில் தெரியவில்லை.

அது இப்போது என் அலுமாரியில், சீலைகளுக்குப் பின்னால் இருக்கிறது. நேற்று அப்பா கண்டுவிட்டார். "வீட்டில இருந்த பம்ப் கதை காணாதெண்டு நீயும் ஒண்டு வாங்கினனியோ?" என்றார். பிறகு குரல் மாறி, "பிள்ளைக்குச் சொன்னனியோ?" என்று கேட்டார். இதோ சொல்லிவிட்டேன். பொதி கட்டும் மண்டபத்தை விட்டுப் பெயர்ச்சீட்டு ஒட்டும் அறைக்கு மாறுவதற்கும் கேட்டிருக்கிறேன். மனேஜர் யோசிப்பதாகச் சொன்னார். யோசிக்கத் தேவையில்லை, திங்கட்கிழமை நான் அங்கேதான் நிற்பேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். நீ அவருக்குச் சொல்லியிருக்க வேண்டிய தொனியில் சொன்னேன்.

இனி நீ செய்ய வேண்டியது. வருகிறேன் என்று அவர்களுக்குச் சொல். நீர்கொழும்பில் உன் அறைக்கு யாராவது போன் எடுத்து, நல்லா இழுக்குது என்றோ, ஓடுது என்றோ, பரவாயில்லை என்றோ சொன்னால், போனை வைத்துவிட்டுப் போய்ப் பார். சொன்னவர் பொய்யர் என்று நினைத்துப் போகாதே. உன் அம்மாவாகவும் இருக்கலாம் என்று நினைத்துப் போ.

எனக்குப் போன் எடுக்கும்போது சுகமோ என்று கேட்காதே. சுகம் என்றுதான் சொல்லுவேன், வாய் அப்படிப் பழகிவிட்டது. கோயில் ஏற்றத்தில் எங்கே நின்றீர்கள் என்று கேள். போன வெள்ளிக்கிழமை மான்கள் நிற்கிற இடத்தில் நின்றேன். மூச்சு வாங்கத்தான் நின்றேன், மானைப் பார்க்க இல்லை. அதற்கு மேலே இரண்டு இடத்தில் நின்றேன். அடுத்த கிழமை குறையுமோ தெரியாது. குறையாவிட்டால் குறையவில்லை என்றே சொல்வேன்.

நீ போய் வா பிள்ளை.

அம்மா